நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போனவரை ‘கேஸ்’ (வாயு) என்று சொல்லி அனுப்பினால், மாரடைப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு சோதனைகள்: ஈசிஜி, ட்ரோபோனின். ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். சிக்கல் என்னவென்றால், கசிந்து அளவு ஏற சில மணி நேரம் பிடிக்கும். முதல் ஈசிஜியும் சில மாரடைப்புகளில் நார்மலாகவே வரும். அடுப்பு பற்றவைத்த உடனே பாலை எட்டிப் பார்த்தால் பொங்கியிருக்காது. அதற்காக அடுப்பு எரியவில்லை என்றா அர்த்தம்?

அதனால்தான் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி, வாந்தி என்று வரலாம். இவர்களைத்தான் ‘வாயு’ என்று சொல்லி அதிகம் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேட்கத் தயங்காதீர்கள். “டாக்டர், ட்ரோபோனின் பார்த்துவிடலாமா? ஈசிஜி மறுபடி எப்போது எடுப்பீர்கள்?” என்று கேட்டால் போதும், சண்டை போடத் தேவையில்லை. அங்கே அந்த வசதி இல்லையென்றால், 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பைக்கில் வேண்டாம்.

அப்புறம், ஜெலுசில் குடித்ததும் வலி குறைந்துவிட்டது, அப்படியானால் வாயுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மாரடைப்பு வலியும் அப்படிக் கொஞ்ச நேரம் தணிவதுண்டு.