உப்பு, துரு, பலாக்கட்டை: கலப்பு ஊடக ஓவியம் பற்றிச் சில கேள்விகள்

மண், துணி, மரம், துரு என்று கிடைத்ததையெல்லாம் ஓவியத்தில் சேர்க்கிறவர்கள் கேட்டவை இவை. நான் கடலூரில் இருந்துகொண்டு இதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: அக்கா, தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைப் பலகையில் ஒட்டினேன். மூன்றே மாதத்தில் வெள்ளையாகப் பூத்து, மணல் உதிர்கிறது. (கடலூர் முதுநகர்)

பூத்தது உப்பு. மழைநாளில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையும், வெயிலில் மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது மேலே இருக்கும் பூச்சைத் தள்ளிவிடும். மணலை நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். கடைசியாக வடித்த தண்ணீரில் கொஞ்சம் கறுப்புத் தட்டில் காயட்டும். வெள்ளைப் படிவு தெரிந்தால் இன்னும் அலச வேண்டும். வெள்ளைப் பசையும் ஈரத்தில் இளகும், அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பூச்சு, பசையாகவும் பிடிக்கும்) வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் பலாமரம் விழுந்தது. ஒரு கட்டை மட்டும் வைத்திருக்கிறோம். அதன் மேல் என்ன வரையலாம்? (பண்ருட்டி)

அவசரப்பட்டு எதுவும் வரைய வேண்டாம். பலாவின் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரம், அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும். உங்கள் கட்டை இந்நேரம் பழுப்பேறியிருக்கும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் இழைத்துப் பாருங்கள், அன்றைய மஞ்சள் உள்ளே இருக்கும். அடுத்த ஆண்டு அதே நாளில் பக்கத்தில் இன்னொரு பட்டை இழையுங்கள். முதல் பட்டை அதற்குள் கொஞ்சம் கறுத்திருக்கும். எந்தச் சாயத்தாலும் இதைச் செய்ய முடியாது. இழைத்த சுருளைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் கொதிக்கவைத்து, படிகாரம் போட்ட பருத்தித் துணியை நனைத்தால் மஞ்சள் ஏறும். மரமும் அதன் நிறமும் ஒரே சட்டத்தில் வந்துவிடும்.

இத்தாலியில் ஆல்பர்ட்டோ புர்ரி என்றொரு ஓவியர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு அமெரிக்க முகாமில் இருந்தபோது கோணிச் சாக்கில் வரையத் தொடங்கிய மருத்துவர் அவர். 1968 நிலநடுக்கத்தில் அழிந்த ஜிபெல்லினா ஊரின் இடிபாடுகளை வெள்ளைச் சிமெண்டால் மூடினார். ஆனால் பழைய தெருக்கள் ஓடிய தடத்தில் நடக்க வழி விட்டார். எனக்கு அந்த வழிதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் கட்டையிலும் எதை மூடினாலும் வேர் பிய்ந்த பக்கத்தை மூடாதீர்கள்.

கேள்வி: பழைய படகு ஆணிகளைத் துணியில் சுற்றித் துருக்கறை எடுத்தேன். இப்போது துணியே ஓட்டை விழுகிறது. (பரங்கிப்பேட்டை)

துரு அங்கேயே நிற்காது, நூலைத் தின்னும். கறை விழுந்ததும் ஆணியை எடுத்துவிட்டுத் துணியை நன்றாக அலசிக் காயவிடுங்கள். ஆணியையும் படத்தில் வைக்க வேண்டுமா? கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரை அதன் மேல் இரண்டு முறை தடவுங்கள். கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். கலம்காரித் துணி ஓவியத்தின் கறுப்பும் இப்படித்தான் வருகிறது. அப்புறம் மெழுகு.

கேள்வி: வீட்டுச் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்புக் காரையில் வண்ணம் நிற்குமா? (புதுச்சேரி)

செம்மண், காவி நிற்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் செத்துவிடும்.

கேள்வி: அரிக்கமேட்டில் கிடக்கும் ஓட்டுச்சில்லை எடுத்து ஒட்டலாமா?

கூடாது. அது கிடக்கும் இடமும் அதன் சரித்திரம்தான். உட்கார்ந்து வரைந்துகொண்டு வாருங்கள்.

கேள்வி: 2004 சுனாமியில் நனைந்த அப்பாவின் ஒரே புகைப்படம் இருக்கிறது. அதைப் படத்தில் ஒட்ட நினைக்கிறேன். (கடலூர்)

தயவுசெய்து அசலை ஒட்டாதீர்கள், பசை போட்டால் திரும்ப வராது. ஸ்கேன் செய்து லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் என்றால் மீடியம் தடவும்போது மை கரைந்து ஓடலாம். அசலை அமிலமில்லாத தாளில் வைத்து, ஈரம் படாத பெட்டியில் போடுங்கள். இன்னொன்று. ஸ்கேன் செய்கிறவர் நல்ல மனதோடு அந்தத் தண்ணீர்க் கறையைத் திருத்திக் கொடுத்துவிடுவார். அது அப்படியே இருக்கட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.