மூணாவது படிக்கிற பையனுக்கு ஹைக்கூ மாதிரி சின்னக் கவிதை எழுத வீட்லயே எப்படி சொல்லிக்கொடுக்கறது?

ஹைக்கூங்கறது ஜப்பான்ல இருந்து வந்த மூணு வரிக் கவிதை, வரிக்கு 5, 7, 5 அசைன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. முதல்ல அந்த 5-7-5 கணக்க தூக்கி ஓரமா வைங்க. "எத்தனை அசைன்னு சொல்லியும் அவனுக்கு ஏறல, நோட்டு காலியாவே இருக்கு, ஸ்கூல்ல போட்டி வருது"ன்னு கேள்விக்கு கீழ போட்டிருக்கீங்க. போட்டி எப்பன்னு போடல, ஆனா அடுத்த வாரமா தான் இருக்கும், இல்லன்னா ராத்திரி பதினொன்றரைக்கு யாரும் உக்காந்து இத கேக்க மாட்டாங்க. நாமளே நாலு வரி எழுதிக் குடுத்துட்டா என்னன்னு ஒரு யோசனையும் உங்களுக்கு ஓடிட்டு தான் இருக்கும். அதுக்கு கீழ வரேன், அங்க எனக்கு கொஞ்சம் வயித்தெரிச்சல் இருக்கு.

நான் தமிழ் டீச்சர் எல்லாம் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன். பி.காம் முடிச்சிட்டு கல்யாணமாகி விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன். 2021 கடைசில அரசோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேந்தவ. கொரோனால ஸ்கூல் மூடிக் கெடந்து, ரெண்டாவது படிக்கிற பையன் அவன் பேரையே தப்பா எழுதிட்டு இருந்த நேரம் அது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எங்க வீட்டுத் திண்ணைல பசங்க வந்து உக்காருவாங்க. மாசம் ஆயிரம் ரூபா. ஆயிரத்துக்கு ஏன் இப்படி மாரடிக்கிறன்னு எங்க வீட்ல கேட்டவங்களுக்கு நான் பதில் சொன்னதில்ல, இங்க கேக்கப் போறவங்களுக்கும் சொல்றதா இல்ல.

விஷயத்துக்கு வரேன். பசங்கள கவிதை எழுதுன்னு சொன்னீங்கன்னா உடனே "அம்மா நீ தெய்வம், ஆசான் நீ தீபம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. அவங்க காதுல விழுந்த கவிதை எல்லாம் அப்படி. அதனால கவிதைங்கற பேச்சையே நான் எடுக்கல. ஆத்திசூடிய எடுத்தேன். ஒரு வரி, ரெண்டு மூணு சொல்லு, அவ்ளோதான், அத விட சின்ன வடிவம் தமிழ்ல எங்க இருக்கு சொல்லுங்க. ஔவையாரு "அறம் செய விரும்பு"ன்னாங்க, அப்புறம் பாரதி வந்து அதே அகர வரிசைல புதுசா "அச்சம் தவிர்"னு ஆரம்பிச்சு ஒண்ணு எழுதினாரு, பாரதிதாசனும் தன் பங்குக்கு ஒண்ணு எழுதினாரு, ஆக ஆளாளுக்கு எழுதிக்கலாம், உங்களுக்குன்னு ஒண்ணு எழுதுங்கடான்னு சொன்னேன். அதுவும் ஒரே ஒரு கண்டிஷன் தான், பெரியவங்க உங்கள பண்ண சொல்ற விஷயம் ஒண்ணு கூட வரக்கூடாது, நீங்க பெரியவங்களுக்கு சொல்ற புத்தி தான் வரணும்.

எப்பவும் வாயே தெறக்காத ஒரு பையன், மூக்க உறிஞ்சிட்டே எழுதி நீட்டினான்: "உப்புமா தவிர்".

அன்னிக்கு திண்ணை தாங்கல. அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. "அண்ணன் சொல் நம்பாதே", "ஆயாவிடம் காசு கேள்", "ஈ மொய்த்த வடை வேண்டாம்", "ஊருக்குப் போனால் திரும்பாதே". இதுல என்ன ஆச்சுன்னா ஔவையார் பாட்டுல வர்ற "ஏல்" இருக்கு இல்ல, இயல்வது கரவேல், அந்த "ஏல்" போட்டா செய்யாதன்னு அர்த்தம்னு சொல்லிக்குடுத்தேன், அத புடிச்சிக்கிட்டாங்க பாருங்க, டிவி அணையேல், போன் பிடுங்கேல், ஞாயிறு எழுப்பேல், ஒரு வாண்டு அவங்க அம்மா சாப்பிட கூப்பிட வந்தப்ப முகத்துக்கு நேராவே "கூப்பிடேல்"னுச்சு, அந்தம்மா என்னை பாத்த பார்வை இருக்கே. இலக்கணமா நடத்தியிருந்தா எதிர்மறை ஏவல்னு கரும்பலகைல எழுதி அத்தன பேரையும் தூங்க வெச்சிருப்பேன்.

"ங" வந்ததும் எல்லாரும் முட்டிக்கிட்டாங்க. ங-ல சொல்லே இல்லயேக்கா. ஔவையாருக்கும் இதே கஷ்டம் தான் வந்துச்சு, அவங்க அந்த எழுத்தோட உருவத்தையே புடிச்சு "ஙப் போல் வளை"ன்னுட்டாங்கன்னு சொன்னேன். உடனே ஒருத்தி "ங வந்தால் விட்டுவிடு"ன்னு எழுதினா. எனக்கு அதுவும் சரின்னு தான் பட்டுச்சு.

புலவருங்க யாராச்சும் படிச்சா திட்டாதீங்க, ஔவையார கிண்டல் பண்ணல. அந்தப் பசங்களுக்கு இப்ப மூல ஆத்திசூடி முழுசா மனப்பாடம், நான் ஒப்பிக்க சொல்லி வாங்கினது இல்ல, தன்னோட வரிக்கு மாதிரி தேடி தேடி அவங்களே படிச்சது.

அடுத்தது ரெண்டு வரி. அதுக்கு விடுகதை. குறள் வெண்பாக்கு போகாதீங்க, மூணாவது படிக்கிற பையனுக்கு சீர், தளை (ஒரு சீரும் அடுத்த சீரும் சேர்ற விதி) எல்லாம் வேணாம். விடுகதைல என்ன நல்லதுன்னா, பொருளோட பேர சொல்லக் கூடாதுன்னு விதி அதுலயே இருக்கு, அதனால பையன் பொருள உத்துப் பாத்தே ஆகணும். வீட்ல இருக்கற ஒண்ண எடு, பேர சொல்லாம மத்தத சொல்லுன்னு விட்டேன். ஒரு பொண்ணு எழுதினது:

மூணு கை இருக்கும், எதையும் பிடிக்காது
ராத்திரி பூரா நடக்கும், கூரையை விட்டு இறங்காது

ஃபேன். பிடிக்காது, இறங்காதுன்னு ரெண்டு வரியும் ஒரே மாதிரி முடியுது பாருங்க, இயைபுன்னு அதுக்கு பேர்னு அவளுக்கு தெரியாது. எதுகையும் அப்படித்தான், பசங்க ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்றத நின்னு கேளுங்க, மொட்டை, முட்டை, சட்டை, கட்டைன்னு ரெண்டாவது எழுத்து அப்படியே வந்து நிக்கும். அது தான் எதுகைன்னு சொன்னா அடப்பாவி இவ்ளோ தானான்னு பாப்பாங்க. கிண்டல்ல இருந்து ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப ஹைக்கூ. இங்க ஒரு சண்டை வரும்னு தெரியும், அதனால நிதானமா சொல்றேன். ஜப்பான்ல 5-7-5, மொத்தம் 17, உண்மை தான். ஆனா அவங்க எண்றது நாம எண்ற மாதிரி இல்ல. நிப்போன்னு அவங்க நாட்டு பேர எடுத்துக்குங்க, அவங்க கணக்குல நாலு, நடுவுல வர்ற "ப்"புக்கு ஒண்ணு, கடைசி "ன்"னுக்கு ஒண்ணு. நம்ம காதுக்கு அது ரெண்டு தான். நம்மள்ல கட்டளைக் கலித்துறைன்னு ஒரு பாட்டு வகை, அதுக்கு எழுத்து எண்ணும்போது ஒற்ற, அதாவது புள்ளி வெச்ச எழுத்த, விட்டுட்டு தான் எண்ணுவாங்க. ஆக அவங்க கணக்க அப்படியே கொண்டாந்து பையன் தலைல வெச்சா எதுக்கு அது? 1916லயே பாரதி சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதைய பத்தி எழுதிட்டாரு, அதுக்கப்புறம் தமிழ்ல எத்தனையோ பேர் ஹைக்கூ எழுதிட்டாங்க, பெரும்பாலும் மூணு வரிய தான் வெச்சிக்கிட்டாங்க, எண்ணிக்கைய விட்டுட்டாங்க. பையன் எண்ணியே ஆகணும்னு அடம் புடிச்சா (சில பசங்களுக்கு எண்றது தான் புடிக்கும்) புள்ளி வெச்ச எழுத்த விட்டுட்டு எண்ண சொல்லுங்க, புளியம்பழம்னா அஞ்சு. அத ஒரு விளையாட்டா வெச்சிக்கட்டும்.

எண்ணிக்கைய விட பருவம் முக்கியம். ஜப்பான்காரங்க ஹைக்கூல எந்தக் காலம்னு காட்டற ஒரு சொல் வரும். நம்ம பசங்களுக்கு அது ஏற்கனவே தெரியும், ஆடிக் காத்து, கத்திரி வெயில், ஐப்பசி அடைமழை, மார்கழி மைக்செட். மாசம் பேர சொல்லாம இது எந்த மாசம்னு எனக்கு தெரியற மாதிரி ஒரு வரி எழுதுன்னேன். ஒருத்தன் "போர்வைக்குள்ள கோயில் பாட்டு கேக்குது"ன்னு எழுதினான். மார்கழி. முடிஞ்சுது.

அப்புறம் நான் பண்ணின ஒரே வேலை கடைசி வரிய வெட்டறது. கரண்ட் போன அன்னிக்கு நாலாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு இப்படி எழுதுச்சு:

கரண்ட் போச்சு
பக்கத்து வீட்டு பாப்பா அழறது
இப்பதான் கேக்குது
எல்லோரும் அன்பாக இருப்போம்

நாலாவது வரி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். "கவிதை முடியணும் இல்லக்கா"ன்னுச்சு. கையால அந்த வரிய மூடி படிக்க சொன்னேன். படிச்சுது, கொஞ்ச நேரம் அப்படியே பாத்துச்சு, அதுவே ரப்பர எடுத்து அழிச்சுது. அதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்கல. உங்க பையன் எழுதறதுலயும் கடைசில ஒரு புத்திமதி ஒட்டிக்கிட்டு இருக்கும், கைய வெச்சு மூடிக் காட்டுங்க, நீங்க அழிக்காதீங்க. முதல் வரில பாத்தது, ரெண்டாவது வரில இன்னொண்ணு, மூணாவதுல பட்டுனு நின்னுடணும். மூணாவது படிக்கிறவனுக்கு இதுக்கு மேல இலக்கணம் வேணாம்.

இனி போட்டி. எங்க பக்கத்து டவுன்ல ஒரு அமைப்பு, பேரு வேணாம், குழந்தைகள் கவிதைப் போட்டி வெச்சாங்க. தலைப்பு மரம். எங்க பசங்கள வேன் பேசி கூட்டிட்டு போனேன், வேன் காசு நான் தான் போட்டேன், அது வேற கதை. எங்க ஊர் ரோட்டோரம் பூரா புளியமரம், ரோடு அகலப்படுத்தறதுக்காக ஒவ்வொரு மரத்துலயும் பட்டைய செதுக்கி பெயிண்ட்ல நம்பர் எழுதியிருந்தாங்க. எங்க திண்ணை பொண்ணு ஒண்ணு எழுதினது இது:

எல்லா புளியமரத்துக்கும்
நம்பர் போட்டிருக்காங்க
எங்க மரம் நாப்பத்தி மூணு

நான் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. நடுவர்னு ஒருத்தர் சால்வையோட உக்காந்திருந்தாரு, "கருத்து இல்லையேம்மா, மரத்தோட பயன் ஒண்ணும் வரல, பேச்சு வழக்கு வேற"ன்னு ஒதுக்கிட்டாரு. முதல் பரிசு "வையகம் காக்கும் பசுமைத் தாயே"ன்னு ஆரம்பிச்ச பதினாறு வரிக்கு. பையன மேடைல படிக்க சொன்னாங்க, பாவம் அவனுக்கு "வையகம்" வாய்ல வரல, கீழ இருந்து அவங்க அப்பா எடுத்துக் குடுக்கறாரு. அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா கை தட்டின அத்தன பேருக்கும் அத யார் எழுதினதுன்னு தெரியும், நடுவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது வேன்ல அந்த பொண்ணு "கருத்துன்னா என்னக்கா"ன்னு கேட்டுச்சு, டிரைவர் தான் பதில் சொன்னாரு, "அது ஒண்ணும் இல்ல பாப்பா, கூட்டத்துல பேசறது"ன்னு.

இதனால தான் சொல்றேன், எழுதிக் குடுக்காதீங்க. பரிசு வரலாம், வரும், ஆனா அடுத்த தடவை அவன் நோட்ட எடுக்க மாட்டான், நேரா உங்ககிட்ட வந்து "எழுதிக் குடு"ம்பான். பரிசு கெடைக்காத கோவத்துல எழுதறேன்னு நினைக்கறவங்க நினைச்சுக்கோங்க, கோவம் இருக்கு தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. சாயங்காலம் திண்ணைல பசங்க உக்காந்தா உடனே தெருவுல இருக்கற மூணு வயசு, ரெண்டரை வயசு எல்லாத்தையும் "கொஞ்ச நேரம் பாத்துக்கோ, இதோ வந்துடறேன்"னு எங்கிட்ட விட்டுட்டு சீரியலுக்கு போயிடறாங்க. ஒருத்தி ஆறு மணி சீரியல் முடிஞ்சு ஆறரை சீரியலும் பாத்துட்டு தான் வருவா. குழந்தை ஒண்ணுக்கு போயி, பெரிய பசங்க நோட்டு நனைஞ்சு, நான் துடைச்சிட்டு இருப்பேன், வந்து தூக்கிட்டு போகும்போது "இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்த"ன்னு கேள்வி வேற. அந்த சின்னதுங்க கூட இப்ப "ஏல்" போட ஆரம்பிச்சிடுச்சு, அது மட்டும் தான் எனக்கு வந்த லாபம்.

சரி, உங்க பையனுக்கு வருவோம். நோட்டு வாங்கி குடுக்காதீங்க, புது நோட்டு பாத்தா பசங்க பயந்துடும், அழகா எழுதணுமேன்னு. காலண்டர்ல கிழிச்ச தாள் போதும், பின்னாடி இடம் கம்மியா இருக்கும், அதனாலயே சின்னதா எழுதுவான். எழுத்துப்பிழை இருந்தா அன்னிக்கு திருத்தாதீங்க, மறுநாள் திருத்துங்க. அவன் எழுதினத உடனே வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, பெரியப்பா சித்தப்பா எல்லாம் "சூப்பர் கண்ணா"ன்னு போட ஆரம்பிச்சா அடுத்தது அவங்களுக்கு புடிக்கற மாதிரி தான் எழுதுவான், அம்மா தெய்வம், ஆசான் தீபம். போட்டிக்கு அவன் எழுதினதையே குடுத்து அனுப்புங்க, தலைப்பு மரம்னா தயவுசெஞ்சு வீட்டுக்கு வெளிய ஒரு மரத்துக்கு பக்கத்துல பத்து நிமிஷம் அவன நிக்க வைங்க.

வெண்பா தெரிஞ்சவங்க யாராச்சும் இத படிச்சிட்டு இருந்தா ஒரு உதவி. எங்க பசங்கள்ல ரெண்டு பேர் வளந்து இப்ப எட்டாவது போயிட்டாங்க, குறள் மாதிரியே எழுதணுமாம். முதல் அடி நாலு சீர், ரெண்டாவது மூணு, கடைசி சீர் நாள், மலர், காசு, பிறப்புல முடியணும், அது வரைக்கும் எனக்கு வருது, தளை தட்டுதா இல்லையான்னு பாக்கறதுல தான் மாட்டிக்கறேன். கைதட்டியோ தாளம் போட்டோ சொல்லிக்குடுக்க வழி இருந்தா கமெண்ட்ல போடுங்க, யூடியூப் லிங்க் வேணாம், எங்க ஊர்ல டவர் கிடைக்காது.