போங்கள் தம்பி: அயோவா சிற்றூரில் ஒரு கிறிஸ்துமஸ் அழைப்பு

போங்கள் தம்பி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மனைவிக்கு ஜே-1 வெய்வரில் (பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் ஊர் திரும்பாமல், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை செய்யத் தரும் விலக்கு) வடக்கு அயோவா சிற்றூர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷ வேலை, வந்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்துப் பண்ணை வீட்டு வயதான தம்பதி டிசம்பர் 24 மாலை சர்ச்சுக்கும், பிறகு வீட்டில் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். நாமோ இந்து, அதிலும் சைவச் சாப்பாடு, மூன்று வயதுப் பெண் வேறு. பேசாமல் சிகாகோ நண்பர் வீட்டுக்குப் போய்விடலாமா என்பது உங்கள் கேள்வி.

சிகாகோவில் நல்ல தோசை கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மூன்று வருஷம் வாழப்போவது இந்த ஊரில். இந்தப் பக்கத்து ஜனங்கள் சட்டென்று வீட்டுக்குள் கூப்பிடுகிறவர்கள் இல்லை. காரில் எதிரே வந்தால் கை காட்டுவார்கள், மழை பனி பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், கேட்காமலே டிராக்டரைக் கொண்டுவந்து உங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அதோடு சரி. கிறிஸ்துமஸ் இரவு பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி வைத்த பொழுது. அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டிருப்பது ஒப்புக்குச் சொன்ன வார்த்தையாக இருக்காது.

மதம் மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்மாட்களே சிலர் காதில் ஓதுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பழகிய பழைய லூத்தரன் (மார்ட்டின் லூதர் வழிச் சபை) பண்ணைக்காரர்களுக்குக் கடவுளைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதே கூச்சம். பண்டிகையும் அதுவுமாகப் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் தனியாகக் கிடக்கிறதே என்பதுதான் அவர்கள் கவலை.

சர்ச்சில் ஒரு மணி நேரம் ஆகும். பின்வரிசையில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு முதலில் பிடிப்பதே அதைத்தான். நற்கருணை (அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும்போது நீங்கள் எழுந்து போக வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் விளக்குகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு பாடுவார்கள். எரிகிற வத்தியை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆள் எரியாத தன் வத்தியைச் சாய்த்துப் பற்றவைத்துக்கொள்வார். மாற்றிச் செய்தால் மெழுகு அவர் கோட்டில் சொட்டும். குட்டிக்குப் பேட்டரி மெழுகுவத்தி இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் காகிதப் பை ஒன்று தருவார்கள்: தோலோடு வறுத்த வேர்க்கடலை, ஓர் ஆரஞ்சு, கொஞ்சம் மிட்டாய். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அது லூத்தரன் சபைகளில் ஒன்றான மிசூரி சினாட் சர்ச்சாக இருந்தால் நீங்கள் தமிழ்நாடு என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் 1895இலேயே கிருஷ்ணகிரிப் பக்கம் மிஷன் தொடங்கி, ஆம்பூர், நாகர்கோவில் வரை போனவர்கள். ஆம்பூர் பெத்தேஸ்தா ஆஸ்பத்திரி அவர்கள் கட்டியதுதான். டாக்டர் அம்மாவுக்குப் பேச ஒரு விஷயம் ஆயிற்று.

இனி சாப்பாடு. சைவம் என்பதை இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், சிக்கனும் மீனும் கிடையாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தோன்றாது. மேசை நடுவில் ஹாம் (பன்றித் தொடை இறைச்சி) இருக்கும், அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. தெரியாமல் ஒளிந்திருப்பவைதான் தொல்லை: பீன்ஸில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டு, சீஸ் போட்ட உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சி, சாலட் என்ற பெயரில் வரும் பச்சை ஜெல்லோவிலும் சர்க்கரைவள்ளி மேல் உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), பழைய வழக்கம் விடாத வீடுகளில் பை (pie) என்ற பலகாரத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு. நம்பிச் சாப்பிடக்கூடியது லெஃப்ஸா. வேகவைத்த உருளைக்கிழங்கோடு மாவும் வெண்ணெயும் க்ரீமும் பிசைந்து, சப்பாத்தியைவிட மெலிதாகத் தேய்த்துக் கல்லில் சுட்டது. வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டித் தருவார்கள். உங்கள் மகள் நாலைந்தாவது உள்ளே தள்ளுவாள்.

அவர்கள் பெயர் 'சன்' என்று முடிகிறது என்கிறீர்கள், நார்வே வழி வந்தவர்களாக இருக்கலாம். அப்படியானால் லூட்டஃபிஸ்க் என்ற வஸ்துவும் மேசைக்கு வரும். காய்ந்த காட் மீனைக் காரநீரில் (மிளகாய்க் காரம் இல்லை, சோடாக்காரம்) ஊறப்போட்டு, அது கொழகொழவென்று ஆனபின் அலசி வேகவைப்பது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். சைவமாகப் பிறந்ததன் பயன் உங்களுக்கு அன்றைக்குத் தெரியும்.

என்ன கொண்டுபோவது என்று கேட்டீர்களே, அச்சு முறுக்கு கொண்டுபோங்கள். எனக்கு நாகர்கோவில், எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் அச்சு முறுக்குதான். இங்குள்ள நார்வே, ஸ்வீடன் வீடுகளிலும் டிசம்பரில் அதே பலகாரம், பெயர் ரோசெட். நாம் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்க்கிறோம், அவர்கள் மைதாவும் பாலும் முட்டையும் சேர்த்துச் சுட்டு மேலே பொடித்த சர்க்கரை தூவுகிறார்கள். அச்சு ஒன்றேதான், கைப்பக்குவமும் ஒன்றேதான்: அச்சு எண்ணெயிலேயே நன்றாகக் காய வேண்டும், மாவில் முக்கும்போது விளிம்புக்கு மேலே ஏறக் கூடாது, ஏறினால் கழன்று வராது. பாட்டியிடம் உங்கள் தட்டை நீட்டினால் அடுத்த நிமிடம் தன் அலமாரியிலிருந்து அச்சை எடுத்துவந்து காட்டுவார் பாருங்கள். ஊரிலிருந்து அச்சு எடுத்துவரவில்லையென்றால் பழம்பொருள் கடைகளில் தேடலாம். 1946இல் மினியாபோலிஸ் பக்கம் தொடங்கிய நோர்டிக் வேர் கம்பெனி ஆரம்பத்தில் செய்து விற்ற சாமான்களில் இந்த அச்சும் ஒன்று. மனைவி முட்டை சாப்பிடாதவர் என்றால் முட்டையில்லாமல் சுடுங்கள், மொறுமொறுப்பு குறையாது.

வீட்டுக்குள் செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும், கிழியாத சாக்ஸ் முக்கியம். விலை உயர்ந்த பரிசெல்லாம் வேண்டாம், அவர்கள் சங்கடப்படுவார்கள். கிளம்பும்போது தொடையில் தட்டி 'சரி, கிளம்பலாம்' என்று எழுந்தாலும் வாசலில் ஒரு கால் மணி, கார் பக்கத்தில் ஒரு கால் மணி பேச்சு உண்டு. குழந்தைக்குக் கோட்டு வாசல் பேச்சு முடிந்து வெளியே இறங்கும்போது மாட்டுங்கள், முன்னாலேயே மாட்டினால் வியர்த்துவிடும்.

சிகாகோ பயணத்தை 26க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வானிலை பார்த்து. ஏழு மணி நேர ஓட்டம். 2022 கிறிஸ்துமஸுக்கு முன்தினங்களில் அடித்த புயலில் அயோவாவில் காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 30 ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே போனது. இங்கே புதுப் பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. வெட்டவெளி வயலில் கிடக்கிற பனியைக் காற்று கிளப்பினால் போதும், முன்னால் போகிற லாரி மறைந்துவிடும். காரில் கம்பளி, மண்வெட்டி, தண்ணீர், சார்ஜர் எப்போதும் இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருங்கள்.

கிறிஸ்துமஸுக்குள் ஒருநாள் வடக்கு அயோவாவிலேயே இருக்கிற அல்கோனா என்ற ஊருக்குப் போய் வாருங்கள். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே ஜெர்மன் போர்க்கைதிகள் முகாம் இருந்தது. எடுவார்ட் கைப் என்ற கைதி, சக கைதிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மரம், கம்பி, சிமென்ட், பிளாஸ்டர் கொண்டு ஆள் உயரத்தில் பாதி அளவு உருவங்களாகச் செய்த கிறிஸ்துமஸ் குடில், 1945 டிசம்பரில் முடிந்தது. சுமார் 60 உருவங்கள். ஊர் மெத்தடிஸ்ட் சர்ச்காரர்கள் இன்றுவரை அதைப் பாதுகாத்து டிசம்பரில் திறந்து வைக்கிறார்கள், கட்டணம் கிடையாது. எதிரி நாட்டுக் கைதி செய்த குடிலை ஊர் இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதை, விளக்கொளியில் ஆட்டு மந்தை பக்கம் நின்று பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று. 24 மாலையே வால்மார்ட் சீக்கிரம் மூடிவிடும், 25 முழுக்கத் திறக்காது. பால், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, காருக்குப் பெட்ரோல் எல்லாம் 23ஆம் தேதியே முடித்துவிடுங்கள்.