நாளைக்கு யார் வெல்வார்? கூண்டுச் சண்டை பற்றி வாசகர் கேள்விகள்

லாஸ் வேகாஸில் சனி இரவு நடக்கும் யூ.எப்.சி. (கூண்டுச் சண்டையின் பெரிய அமைப்பு) சண்டை கொழும்பில் ஞாயிறு காலைதான் வரும். அதனால் சனிக்கிழமை பின்னேரம் ஆனால் என் போனுக்கு வரும் செய்திகளில் பாதி 'நாளைக்கு யார்?' என்பதுதான். வெறும் பெயரைக் கேட்பவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஏன், எப்படி என்று கேட்டு எழுதியவர்களின் கேள்விகளில் சில இவை.

அண்ணா, ஒருவர் 15-0. மற்றவர் 18-6. தோல்வியே காணாதவரைத்தானே எடுக்க வேண்டும்?
*வெள்ளவத்தை*

அந்த 15 பேர் யார் என்று பார்த்தீர்களா தம்பி? சின்னச் சின்ன நிகழ்ச்சிகளில் வென்றதை விடத் தோற்றதே அதிகமான ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளூர்ப் பையனின் கணக்கை ஏற்றிவிடுவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். 18-6 காரரின் ஆறு தோல்வியும் உலகத்தின் முதல் பத்துப் பேரிடம் வந்ததென்றால், அவருடைய கணக்கு இவருடையதை விடக் கனம்.

பக்கத்து நாட்டு உதாரணமே இருக்கிறது. இந்தியாவின் அன்ஷுல் ஜூப்லி 2023 ஒக்டோபரில் அபுதாபியில் இறங்கும்போது 7-0. எதிரே மைக் பிரீடன், அதுவரை யூ.எப்.சி.யில் ஒரு சண்டைகூட வெல்லாதவர். இங்கேயும் நிறையப் பேர் ஜூப்லிதான் என்று அடித்துச் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் ஜூப்லி நாக் அவுட். பிரீடனின் முந்திய தோல்விகள் யாரிடம் வந்தன என்று ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை.

தோல்வி எத்தனை என்பதை விட, எப்படி வந்தது என்று பாருங்கள். புள்ளிகளில் தோற்றவர் அடுத்த சண்டைக்கு அதே ஆளாக வருவார். ஒன்றரை வருடத்துக்குள் மூன்று முறை மயங்கி விழுந்தவர் அப்படி வரமாட்டார். தாடை ஒருமுறை பலவீனப்பட்டால் அது பயிற்சியால் திரும்பி வருவதில்லை.

ஏ, பி-யை வென்றார். பி, சி-யை வென்றார். அப்போ ஏ, சி-யை வெல்வார் என்று கணக்குப் போடலாமா?
*மட்டக்குளி*

போடலாம். பிழையாகும். 2022 ஜூலையில் அலெக்ஸ் பெரேரா (நம் ஊர்ப் பெரேரா இல்லை, பிரேசில்காரர்) ஷோன் ஸ்ட்ரிக்லண்டை முதல் சுற்றிலேயே சாய்த்தார். 2023 ஏப்ரலில் இஸ்ரேல் அடெசான்யா பெரேராவைச் சாய்த்தார். அதே செப்டெம்பரில் சிட்னியில் ஸ்ட்ரிக்லண்ட், அடெசான்யாவைப் புள்ளிகளில் வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். வட்டம் பூர்த்தி.

மல்யுத்தக்காரருக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் நிற்பது? எங்கள் ஜிம்மில் இதற்கு முடிவே வரமாட்டேன் என்கிறது.
*கொட்டாஞ்சேனை*

1993இல் டென்வரில் நடந்த முதல் யூ.எப்.சி.யில் ஹோய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான மனிதர் எதிரே வந்தவர்களைத் தரையில் போட்டு மடக்கி வென்றதில் இருந்தே இந்த வாக்குவாதம் ஓடுகிறது. ஆனால் இன்றைக்கு வெறும் மல்யுத்தக்காரர், வெறும் குத்துச்சண்டைக்காரர் என்று மேல்மட்டத்தில் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் ஓரளவு தெரியும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். இந்தச் சண்டை எங்கே நடக்கப்போகிறது, அதை யார் தீர்மானிப்பார்?

நிலத்துக்கு இழுக்கத் தெரிந்தவருக்கு இரண்டு இடமும் திறந்திருக்கும். விரும்பினால் நிற்பார், விரும்பாவிட்டால் இழுப்பார். மற்றவருக்கு ஓரிடம்தான். அதனால் வேறெதுவும் தெரியாத நிலையில் நான் மல்யுத்தக்காரர் பக்கம்தான் சாய்வேன்.

அதற்காக, 'டேக்டவுன் தடுப்பு 85 வீதம்' (நிலத்துக்கு இழுக்க வந்ததைத் தடுத்த கணக்கு) என்று திரையில் காட்டுவதை அப்படியே நம்பவேண்டாம். அந்த 85 வீதமும் இழுக்கவே தெரியாதவர்களிடம் சேர்த்ததாக இருக்கலாம். ஜஸ்டின் கேச்சி அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்தத்தில் மேல்மட்டத்தில் பேர் எடுத்தவர். 2020 ஒக்டோபரில் கபீப் நூர்மகமெடோவ் அவரை இரண்டாவது சுற்றில் தரைக்குக் கொண்டுபோய்க் கால்களாலேயே கழுத்தை நெரித்து முடித்தார். கபீப் 29-0 என்ற கணக்கோடு அன்றே ஓய்வும் பெற்றார்.

நான் பார்ப்பது விழுந்த பிறகு நடப்பதை. முதுகு கூண்டில் பட்டவுடன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருப்பி எழும்புகிறாரா, அல்லது மல்லாக்கப் படுத்துக்கொண்டு மத்தியஸ்தர் வந்து எழுப்பிவிடுவார் என்று காத்திருக்கிறாரா? எழும்பத் தெரிந்தவரை ஆறு முறை இழுத்துப் போட்டாலும் களைப்பது இழுத்தவர்தான். மூன்றாவது சுற்றில் அவருக்குக் கை கனத்துவிடும்.

மறுபக்கம் வெல்லும் வழியும் உண்டு. ரொண்டா ரௌசி 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்றவர். 2015 நவம்பரில் மெல்பர்னுக்குப் போகும்போது தோல்வியே இல்லை. ஹொலி ஹோம் முன்னாள் குத்துச்சண்டை உலகச் சம்பியன். ரௌசி நேராக ஓடி ஓடி வந்தார். ஹோம் பக்கவாட்டில் விலகினார், விலகும்போதே இடது கையால் குத்தினார். இரண்டாவது சுற்றில் தலையில் ஓர் உதை, அவ்வளவுதான். ஹோமிடம் இருந்தது அடி மட்டும் இல்லை, காலை நகர்த்தும் வித்தையும்தான். விலகத் தெரியாமல் அடி மட்டும் பலமாக உள்ளவரை மல்யுத்தக்காரருக்கு எதிராக நான் எடுக்கவே மாட்டேன்.

நிறை பார்க்கும்போது ஒருவர் கூடுதலாக இருந்தால் அவருக்கு அது சாதகமா, பாதகமா சேர்?
*பொரளை*

இரண்டும். ஏன் கூடியது என்பதில்தான் விஷயம். பட்டச் சண்டை என்றால் லைட்வெயிட் நிறைப் பிரிவின் எல்லை சரியாக 155 இறாத்தல், அதாவது 70.3 கிலோ. சாதாரணச் சண்டைக்கு ஓர் இறாத்தல் சலுகை. நிறை பார்ப்பது சண்டைக்கு முந்திய நாள் காலையில். கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைத்து, சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து வியர்வையாக இறக்குவார்கள். பிறகு ஒரு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கும், குடித்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள்.

உடம்பு ஒத்துழைக்க மறுத்துத் தவறவிட்டவர் அடுத்த நாள் இரண்டாவது சுற்றிலேயே காற்றுப் போவார். 'இதற்கு மேல் வேண்டாம்' என்று பாதியில் நிறுத்திக்கொண்டவர் மற்றவரை விடத் தெம்பாக வருவார், சம்பளத்தில் ஒரு பங்கு எதிராளிக்குப் போனாலும். 2022 மே மாதம் சார்ள்ஸ் ஒலிவேரா அரை இறாத்தல் கூடி, கூண்டுக்குள் இறங்கும் முன்பே பட்டத்தை இழந்தார். இறங்கி, முதல் சுற்றிலேயே கேச்சியின் கழுத்தைப் பிடித்து முடித்தார். அரை இறாத்தலை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

எண்ணை விட மேடைக்கு வரும் ஆளைக் கவனியுங்கள். கன்னம் ஒட்டியிருப்பது வழமை. உதடு வெடித்திருப்பதும் வழமை. தராசில் ஏறும்போது பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடிக்கிறாரா, கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாகிறதா? அப்படி என்றால் வெள்ளிக்கிழமை எழுதிய கணிப்பைத் திருத்துவேன்.

முகத்துக்கு முகம் நிற்கும்போது கண்ணைத் தாழ்த்துபவர்தான் தோற்பார் என்று என் மச்சான் சொல்கிறான்.
*தெமட்டகொட*

மச்சானுக்கு நல்ல பொழுதுபோக்கு. கணக்கில் சேர்க்காதீர்கள்.

பந்தயக்காரர் போடும் ஓட்ஸில் 1.25, 4.00 என்று இருக்கிறது. சில இடத்தில் -400, +300. இதை எப்படி வாசிப்பது?
*தெஹிவளை*

இரண்டும் ஒன்றேதான். முதல் முறையில், 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் வெல்லும் வாய்ப்பு வரும். 1.25 என்றால் 80 வீதம். 4.00 என்றால் 25 வீதம். அமெரிக்க முறையில் -400 என்பது 400 கட்டினால் 100 இலாபம், +300 என்பது 100 கட்டினால் 300 இலாபம். இருவரின் வாய்ப்பையும் கூட்டிப் பாருங்கள், 105 வீதம் வருகிறது. நூறைத் தாண்டிய அந்த 5 வீதம்தான் பந்தயம் நடத்தும் புக்கிக்காரரின் கூலி. யார் வென்றாலும் அவருக்கு அது வந்துகொண்டே இருக்கும். அதனால் சும்மா கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிப் பந்தயம் கட்டுபவர் மெதுவாக நட்டப்படுவார். நான் கட்டுவதில்லை, ஆனால் ஓட்ஸ் பார்க்காமல் கணிப்பு எழுதுவதும் இல்லை. உலகம் முழுக்க உள்ளவர்களின் கருத்து ஓர் எண்ணாக அதில் கிடைக்கிறது. என் மனதில் உள்ளது அதிலிருந்து மிகவும் விலகியிருந்தால், அவர்களுக்குத் தெரிந்தது எனக்கு ஏதும் தெரியாமல் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.

சண்டைக்குச் சில மணி நேரம் முன்னர் ஓட்ஸ் திடீரென்று ஒரு பக்கம் ஓடினால் கூடுதல் கவனம் வேண்டும். 2022 நவம்பரில் டெரிக் மின்னர் சண்டையில் அப்படித்தான் நடந்தது. அவர் முதல் சுற்றிலேயே தோற்றார், காலில் ஏற்கெனவே காயம் இருந்தது. அதை மறைத்ததற்காக நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவரைத் தடை செய்தது. விசாரணைகளும் வந்தன.

80 வீதம் என்று நீங்கள் சொன்னவர் தோற்றார். அப்போ இந்தக் கணிப்பெல்லாம் அதிர்ஷ்டம்தானே?
*பம்பலப்பிட்டி*

80 வீதம் என்றால் ஐந்தில் ஒன்று பிழையாகத்தான் வேண்டும். பிழையாகவே இல்லை என்றால் நான் 80 என்று சொன்னதுதான் தவறு.

இந்த விளையாட்டில் அந்த 'ஒன்று' வருவதற்குக் காரணமும் உண்டு. கையுறை பெரும்பாலும் நாலு அவுன்ஸ்தான். குத்துச்சண்டையில் எட்டு அல்லது பத்து. முழங்கை, முழங்கால், உதை எல்லாம் உண்டு. பத்து எண்ணி எழும்பவிடுவதும் இல்லை, தடுமாறினால் மேலே பாய்ந்து முடித்துவிடுவார்கள். 2007 ஏப்ரலில் மெட் செரா, அப்போதைய சம்பியன் ஜோர்ஜஸ் சென்ட் பியேரை முதல் சுற்றில் வீழ்த்தினார். அடுத்த வருடம் மொன்ட்ரியலில் சென்ட் பியேர் அவரை உருட்டி எடுத்தார். பத்து முறை மோதவிட்டால் எத்தனை முறை செரா வெல்வார் என்பதுதான் கணிப்பு. முதல் முறையே வென்றுவிட்டாரே என்பது வேறு விஷயம்.

லியோன் எட்வர்ட்ஸ், கமாரு உஸ்மான் சண்டையை மறுபடி போட்டுப் பாருங்கள். 2022 ஓகஸ்ட். நாலு சுற்று முடிய மூன்று நடுவர்களின் புள்ளியிலும் உஸ்மான் 39-37 என்று முன்னிலை. ஐந்தாவது சுற்றிலும் எட்வர்ட்ஸுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. முடிய 56 செக்கன் இருக்கும்போது இடது கையால் குத்துவதுபோல் காட்டினார். உஸ்மான் தலையை ஒதுக்கினார். ஒதுக்கிய பக்கத்திலேயே இடது கால் வந்து அவரைச் சாய்த்தது. அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன், கையைக் காட்டிக் காலை விட்ட வேலை அது. அதே நேரம், அதை முன்கூட்டியே சொன்னேன் என்று யாரும் வந்தால் நம்பவும் மாட்டேன்.

கணிப்பவரைச் சோதிக்க ஒரு சண்டை போதாது. ஒரு கொப்பியில் பெயரோடு வீதத்தையும் எழுதி வையுங்கள். ஐம்பது, அறுபது சேர்ந்த பிறகு, 70 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு அளவில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் 90 எழுதுகிறவர் அங்கே அகப்பட்டுவிடுவார்.

என் பார்வையில் வென்றவர் வேறு, நடுவர்கள் கொடுத்தது வேறு. பாடசாலைக் காலத்தில் ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான்.
*மருதானை*

இங்கே நடுவர் முதலில் பார்ப்பது அடியும் பிடியும் எவ்வளவு பாதிப்பை உண்டாக்கின என்பதை. அது சமம் என்று பட்டால்தான் யார் முன்னேறித் தாக்கினார், யார் கூண்டைக் கட்டுப்படுத்தினார் என்பதற்குப் போவார். ஆளைத் தரையில் மூன்று நிமிடம் பிடித்து வைத்துவிட்டு ஒன்றும் செய்யாதவருக்கு அந்தச் சுற்று தானாக வராது. ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக 10-9. ஒரு சுற்றை மயிரிழையில் வென்றாலும் 10-9, நன்றாக அடித்து வென்றாலும் பெரும்பாலும் 10-9. அதனால்தான் மொத்தத்தில் கூடுதலாக அடி வாங்கியவர் 29-28 என்று கை உயர்த்துகிறார். 'புள்ளிகளில் முடியும்' என்று கணிக்கும்போது என் வீதத்தை எப்போதும் கொஞ்சம் இறக்கிவிடுவேன்.

குறுகிய அறிவித்தலில் வருபவரை நம்பலாமா? உயரமான ஊரில் சண்டை வைத்தால்?
*கிருலப்பனை*

முதலாவதுக்கு, பொதுவாக இல்லை. மூச்சுப் போதாது. ஆனால் 2016 மார்ச்சில் நேட் டயஸ் 11 நாள் அறிவித்தலில் வந்து கொனர் மெக்கிரெகரை நெரித்தார். அதே ஜூனில் மைக்கல் பிஸ்பிங் 17 நாள் அறிவித்தலில், முன்பு தன்னைத் தோற்கடித்த லூக் ரொக்ஹோல்டை முதல் சுற்றில் சாய்த்துப் பட்டம் எடுத்தார். டயஸ் வருடம் முழுக்க ஓடி, நீந்தி, சைக்கிள் மிதிக்கிற மனிதர். சும்மா இருந்தவர் வருகிறாரா, எப்போதும் பயிற்சியில் இருப்பவர் வருகிறாரா என்று பிரித்துப் பாருங்கள்.

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்தில் இருந்து 2,240 மீற்றர், நுவரெலியாவை விட உயரம். 2015 ஜூனில் மூச்சுக்குப் பேர்போன கேன் வெலாஸ்கெஸ் அங்கே களைத்துப்போய், பல வாரம் முன்னரே உயரத்தில் பயிற்சி எடுத்திருந்த ஃபப்ரீசியோ வேர்டுமிடம் பட்டத்தை விட்டார். எந்த ஊரில் என்பதையும், அங்கே யார் எப்போது போய்ச் சேர்ந்தார் என்பதையும் பார்க்காமல் எழுதவேண்டாம்.

ஒரு சண்டையைக் கணிக்க எவ்வளவு வீடியோ பார்க்க வேண்டும் அண்ணா? வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் இல்லை.
*கல்கிசை*

ஹைலைட்ஸை விட்டுவிடுங்கள், அதில் எல்லாருமே சம்பியன்தான். இருவரும் கடைசியாகத் தோற்ற சண்டையை எடுங்கள். தோற்காதவர் என்றால் அவர் அதிகம் கஷ்டப்பட்ட சண்டை. நேரம் இல்லையா, மூன்றாவது சுற்றில் இருந்து தொடங்குங்கள். முன்னங்காலில் உதை வாங்கியதும் காலை மாற்றி நிற்கிறாரா, வாய் திறந்து மூச்சு வாங்குகிறாரா, அடி பட்டதும் பின்னால் நேராகப் போகிறாரா பக்கவாட்டில் போகிறாரா என்பது எல்லாம் அங்கே தெரியும். சுற்றுகளுக்கு இடையில் உள்ள அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிற பழக்கம் பலருக்கு. அதைத்தான் சத்தத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். பயிற்றுவிப்பாளர் 'கையைக் கீழே விடாதே' என்கிறார். அடுத்த சுற்றின் முதல் முப்பது செக்கனில் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.