தாத்தா பெட்டியில தண்ணி தீராத செம்பு

கேள்வி: தாத்தா கோயில் கொடைக்கெல்லாம் மேஜிக் ஷோ போடுவாராம். அவரு டிரங்குப் பெட்டியில ஒரு பித்தளைச் செம்பு கெடக்கு, தண்ணிய கவுத்துக் கொட்டிட்டு வச்சா கொஞ்ச நேரத்துல மறுபடியும் தண்ணி நிக்கி. இது என்ன அண்ணாச்சி?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மேஜிக் ஷோவுல வர்ற லோட்டாச் செம்பேதான்! மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் 'வாட்டர் ஆஃப் இந்தியா'ன்னு ஷோ நடுவுல அப்பப்ப வந்து ஊத்திக் காட்டுவாரே, அந்த ஐட்டம். செம்புச் சுவரு ரெட்டையா இருக்கும், தண்ணி அந்த இடுக்குலயும் நிக்கும், உள்ள அடியில ஒரு ஓட்டை, கழுத்துப் பக்கம் காத்துக்கு ஊசி மொனை மாதிரி இன்னொண்ணு, அத விரலால பொத்துனா தண்ணி நகராது, விரல எடுத்தா நடுவுல வந்துரும், அவ்ளோதான் சூட்சுமம். சைஸுக்கு மீறி கனமா இருக்கான்னும் பாருங்க. புளி போட்டு வெளக்குதேன்னு அந்த ஓட்டைய அடச்சிராதீங்க, பாத்திரம் பத்த வைக்கவருகிட்ட கொடுத்தா ஒழுகுதுன்னு நெனச்சு ஈயத்த வச்சிருவாரு, சோலி முடிஞ்சிது. அப்புறம், உயரமான மூடியோட ஒரு தட்டு கெடந்தா மூடிக்குள்ள கையவிட்டுப் பாருங்க, இன்னொரு கிண்ணம் மாட்டியிருந்தா அது புறா வரவைக்க தட்டு.