விமானத் துறையில் தவறு செய்தவரே வந்து சொல்லும் பழக்கம் எப்படி வந்தது? நம் ஊர் வேலைத்தளங்களில் அது நடக்குமா?

நடக்கும். முதலில் வாய் திறந்தவனை என்ன செய்தார்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எனக்குக் களுவாஞ்சிக்குடி. வளைகுடா விமான நிலையம் ஒன்றில் 11 வருடம் சாமான் ஏற்றி இறக்கும் பகுதியில் இருந்தேன். எங்கள் சிப்டில் பாதிப் பேர் மட்டக்களப்பு, அம்பாறைப் பொடியன்மார். நான் சேர்ந்த புதிதில் ஒருவர் தள்ளுவண்டியை விமானத்தில் இடித்துவிட்டு, தானாகவே போய்ச் சொன்னார். ஒரு கிழமைக்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு நீண்ட காலம் எங்கள் பகுதியில் 'ஒரு தவறும் நடக்கவில்லை'. பதிவேடு அப்படித்தான் சொன்னது.

பிறகு மேலதிகாரி மாறினார். ஒருநாள் விடியப்புறம் ஏறாவூர்த் தம்பி ஒருவர் பெல்ட் லோடரை (சாமான் ஏற்றும் பட்டி வண்டியை) கார்கோ கதவடிக்குக் கொண்டுபோனபோது, அதன் முன் ரப்பர் விமானத்தின் உடம்பில் தட்டிவிட்டது. கையால் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. "அண்ணே, ஒருத்தரும் காணல்ல. சொன்னா என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க. வாப்பா காணிய ஈடு வெச்சித்தான் என்னை அனுப்பின" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அது போயிங் 787. அதன் உடம்பு பெரும்பாலும் அலுமினியம் அல்ல. கார்பன் இழைகளைப் பிசினோடு அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்தது. அலுமினியத்தில் பலமாக இடித்தால் பள்ளம் விழும், கண்ணில் படும். இதிலோ வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கருவி வைத்துச் சோதித்தால்தான் பிடிபடும். தட்டியவர் வாய் திறக்காவிட்டால் அந்த இடத்தைச் சோதிக்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றாது.

இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். விமானம் 3 மணி நேரம் பிந்தியது. நல்ல காலம், உள்ளே சேதம் இல்லை. மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "வழி காட்ட ஆள் நின்றதா?" நிற்கவில்லை. ஆள் குறைவென்று நாங்கள் எல்லோருமே அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். தம்பியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வழிகாட்டி நிற்காமல் எந்த வண்டியும் விமானத்தை நெருங்கக் கூடாது என்று அன்றே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே நாலைந்து பேர் தாங்களாகப் போய்ச் சொல்லத் தொடங்கினார்கள்.

இதை விமானத் துறை பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1974 டிசம்பர் 1இல் வாஷிங்டன் அருகே இறங்கவிருந்த, டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம், இறங்கும் அனுமதியைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். ஆறு கிழமைக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகளும் அதே இடத்தில் அதே மாதிரிப் பிழையாக விளங்கிக்கொண்டு மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். அது தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனத்துக்குச் செய்தி போகவில்லை.  

அதன் பிறகுதான் 1976இல் அமெரிக்காவில், எந்த நிறுவனத்தில் வேலை செய்பவரும் நடந்த தவறை எழுதி அனுப்பக்கூடிய பொது அறிக்கை முறை வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அறிக்கையை வாங்குவது தண்டிக்கும் அதிகாரமுள்ள விமானத் துறை நிர்வாகம் அல்ல, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. பெயர், முகவரி உள்ள துண்டைக் கிழித்து, அறிக்கை வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் நடந்த மீறலை 10 நாளுக்குள் எழுதியவருக்குப் பொதுவாகத் தண்டனை இல்லை. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் மன்னிப்பதா? இல்லை. குடித்துவிட்டு வந்தவனுக்கும் வேண்டுமென்றே விதியை மீறியவனுக்கும் இதில் இடமில்லை. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த கேள்வி இது: அதே அனுபவமுள்ள இன்னொருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் அவரும் இதையே செய்திருப்பாரா? ஆம் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை; வேலை நடக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று, மொழி. எங்கள் வேலைத்தளத்தில் தவறை எழுதிக் கொடுக்கும் போம் (படிவம்) ஆங்கிலத்தில் இருந்தது. எழுத வெட்கப்பட்டே எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள். தமிழில் வாயால் சொல்லலாம், வேறொருவர் எழுதிக்கொள்வார் என்று ஆன பிறகு வந்தவர்கள் அநேகம்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். என் மச்சான் கல்முனை - மட்டக்களப்பு வழியில் இரண்டு வான் ஓடவிடுகிறார். ஏதும் உடைந்தால் சாரதியின் சம்பளத்தில் பிடிப்பார். அதனால் சாரதிமார் எதையும் சொல்வதில்லை. போன வருடம் மல்லுக்கட்டி அந்தப் பிடிப்பை நிறுத்த வைத்தேன். இரண்டாவது மாதம், ஒரு காலை, சாரதி முதல் ஆளை ஏற்றுமுன் கோல் எடுத்தார்: "அண்ணே, பின் சில்லுக்குள்ள ஈரமா இருக்கு. பிரேக் ஒயில் போல." மச்சான் அன்றைய ஓட்டத்தை நிறுத்தினார். சாரதிக்கு அன்றைய நாட்கூலியையும் கொடுத்தார். அடுத்த நாள் மற்ற வானின் சாரதி வந்து, தன் வானில் மூன்று கிழமையாக ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னார்.