ஏழு கிலோவுக்குள் எத்தனை அலங்காரம்?

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் தோழியின் கல்யாணத்துக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் போகிறேன். விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. எனக்கு எங்கே போனாலும் நன்றாக உடுத்திக்கொண்டு போகப் பிடிக்கும். வீட்டிலோ, "அலங்காரமெல்லாம் ஏர்போர்ட்டில் ஆகாது, சாதாரணமாகப் போ" என்கிறார்கள். என்ன உடுத்தலாம்? டிராலி, மேக்கப் செட் என்று புதிதாக எதையெல்லாம் வாங்க வேண்டும்?
— தக்கலை வாசகி

பதில்: தாராளமாக உடுத்திக்கொண்டு போங்கள் தங்கச்சி. சேலை, சுடிதார், ஜீன்ஸ் எதற்கும் தடை கிடையாது. ஏர்போர்ட்டில் பார்ப்பது இரண்டு விஷயம்தான்: எடை, பாதுகாப்புச் சோதனை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் போதும்.

முதலில் டிராலி. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு, கையோடு கொண்டுபோகும் பை பெரும்பாலும் 7 கிலோ, கவுண்டரில் ஒப்படைத்து அனுப்பும் செக்-இன் பெட்டி 15 கிலோ. இது எல்லாருக்கும் தெரியும். கடையில் கேட்க மறந்துபோவது வெறும் பெட்டியின் எடையை. பளபளவென்று இருக்கும் கெட்டிப் பெட்டி, சின்ன அளவிலேயே இரண்டரை, மூன்று கிலோ வரும். உங்கள் ஏழில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விடும். என் முதல் பயணத்தில் நிறத்தைப் பார்த்து மயங்கி அப்படி ஒன்றை வாங்கினேன். கவுண்டரில் முள் ஒன்பது கிலோ காட்டியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, இஸ்திரி போட்டு மடித்த பட்டுச் சேலையை எடுத்துத் தம்பியின் பைக்குள் திணித்தேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பட்ட சங்கடம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அதனால் கடைக்காரரிடம், "தராசில் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கைப்பிடியை முழுதாக இழுத்து ஆட்டிப் பாருங்கள். ஜிப்பை ஒரு சுற்று முழுக்க ஓட்டுங்கள், முனையில் சிக்குகிற ஜிப் பயணத்தில்தான் கிழியும். கையில் கொண்டுபோகும் டிராலி 55 செ.மீ. உயரம், 35 அகலம், 25 தடிமனுக்குள் இருந்தால் நல்லது. பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னக் கைத்தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், நான் டிராலியை விட்டுவிட்டு இந்தத் தராசைத்தான் வாங்கச் சொல்வேன். எடை கூடும் என்று முன்பே தெரிந்தால் ஆன்லைனிலேயே கூடுதல் எடைக்குப் பணம் கட்டிவிடலாம், கவுண்டரில் கட்டுவதைவிடக் குறைவு.

அப்புறம் மேக்கப். தனியாக 'டிராவல் கிட்' வாங்க வேண்டியதில்லை. இருப்பதையே மூடி இறுகும் சின்ன டப்பாக்களில் ஊற்றிக்கொள்ளுங்கள், முக்கால் அளவுக்கு மேல் வேண்டாம். மேலே போகப்போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், டப்பாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஃபவுண்டேஷனை வெளியே தள்ளிவிடும். வாய்ப்பகுதியில் ஒரு துண்டு பாலிதீனை வைத்து அதன்மேல் மூடியைத் திருகினால் கசியாது. பெரிய பாட்டில்கள், தேங்காய் எண்ணெய், தோழிக்கென்று வாங்கும் மார்த்தாண்டம் தேன் எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். கத்தரிக்கோலும் அங்கேதான். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: அது கையோடுதான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து தாராளமாகக் கொண்டுபோகலாம். கொப்பரைத் தேங்காய் வேண்டாம், எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தீப்பற்றக்கூடிய பொருளாகக் கணக்கு.

சோதனையில் பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர்தான் சோதிப்பார், கூச்சப்பட வேண்டாம். கெட்டி வளையல், பெரிய உலோகக் கிளிப், கொலுசு, பக்கிள் வைத்த பெல்ட் எல்லாம் பீப் அடிக்கும். கழற்றச் சொன்னாலும் சொல்வார்கள். அவற்றைக் கைப்பையில் ஒரு ஜிப் பவுச்சுக்குள் போட்டு வைத்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் அணிந்துகொள்ளுங்கள். செருப்பு எளிதாகக் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். புது ஹீல்ஸை அன்றைக்கு முதல்முறையாகப் போடாதீர்கள். டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகும்போது கால் லேசாக வீங்கும். ஹீல்ஸ் பெட்டியிலேயே இருந்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் வெளியே வரட்டும்.

தோவாளைப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போகலாமா என்றும் தோன்றும். போகலாம், ஆனால் கொஞ்சமாக. மூடிய இடத்தில் அந்த வாசனை பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியைத் தரும். செண்ட்டுக்கும் இதே கணக்குதான். விமானத்துக்குள் குளிரும், காற்றும் வறண்டிருக்கும். அதனால் ஒரு சால்வையும் லிப் பாமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் பயணத்தின்போது கண்ணாடியே சௌகரியம். இறங்கும்போது காது அடைக்கும், மிட்டாய் ஒன்றைச் சப்பினால் சரியாகும். காலித் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்ச் சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொண்டால் செலவு மிச்சம்.

டிக்கெட்டில் பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் விஷயத்தில்தான் தடுமாறுகிறோம், பதிவு செய்யும்போதே அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் இரண்டு டெர்மினல்கள் உண்டு. சங்குமுகம் பக்கம் ஒன்று, சாக்கை பக்கம் ஒன்று. நடுவில் ஓடுபாதை, அதனால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்து டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலராமபுரம் நெரிசலையும் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக முதல்முறை துபாய் போகிறேன். நகையைப் போட்டுக்கொண்டு போகலாமா? லேகியச் சாமான் கொண்டுபோகலாமா?
— குளச்சல் வாசகி

பதில்: நகை உங்கள் உடம்பிலோ கைப்பையிலோதான் இருக்க வேண்டும் அம்மா. செக்-இன் பெட்டியில் ஒரு மோதிரம்கூட வேண்டாம், தொலைந்தால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. கொஞ்சம் அதிகமாகவே கொண்டுபோகிறீர்கள் என்றால், கிளம்பும்போதே ஏர்போர்ட் சுங்கத்துறையிடம் ரசீதைக் காட்டி 'ஏற்றுமதிச் சான்றிதழ்' வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, இது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று காட்ட அது உதவும்.

லேகியச் சாமானில் கசகசா ஒரு துளிகூட இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில்வரை போகும். அரைத்த மசாலாப் பொடியில் சேர்த்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் வைக்கும் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக் கூடாது. 200 மில்லி பாட்டிலில் கால் பங்குதான் எண்ணெய் இருக்கிறது என்றாலும் விடமாட்டார்கள்.

கேள்வி: விமானத்திலிருந்து இறங்கியதும் லக்கேஜ் பெல்ட்டில் வந்த என் புதுப் பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். இனி என்ன செய்வது?
— மார்த்தாண்டம் வாசகி

பதில்: அங்கேயே, வெளியே வருவதற்கு முன், விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுண்டரில் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சுலபம். இப்போதும் கைவிட வேண்டாம். போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய டேக், உடைந்த இடத்தின் போட்டோ, வாங்கிய ரசீது ஆகியவற்றோடு இன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளிநாட்டுப் பயணமானால் சேதம் பற்றி 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. பதில் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள், இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். டேக்கை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.